வினா 31 காலியாக உள்ளது

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று மூன்று ஆசிரியர்கள் விடுப்பு. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குப் பல்வலி, மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை. காரணம் சொல்லாதவரைத்தான் நான் நம்புகிறேன்.

எட்டு மணிக்குள் மாற்று வகுப்புச் சீட்டுகளை எழுதி முடித்தேன். வராதவரின் வகுப்புக்கு, அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கும் இன்னொருவரை அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது என்பதைப் பதினாறு வருடமாக நான்தான் தீர்மானிக்கிறேன். ஒரு பக்கம் எழுதிய பழைய தாளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, மறுபக்கம் பெயர், வகுப்பு, பீரியட் எழுதி ஆயம்மாவிடம் கொடுப்பேன். அவர் கையெழுத்து வாங்கி வருவார்.

கணக்கு மிஸ்ஸுக்கு ஆறாவது பீரியட் போட்டேன். சீட்டைப் பார்த்ததும் ஆசிரியர் அறை முழுவதும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

“பெரிய மிஸ், எனக்கு ஆறாவது பீரியட் ஃப்ரீன்னு டைம்டேபிள்ல போட்டிருக்கு. ஆனா அத நான் நேர்ல பாத்ததே இல்ல. எங்கயாவது பாத்தா, நான் விசாரிச்சதா சொல்லுங்க.”

அதோடு விட்டாளா? நாற்காலி ஆடுகிறதாம். “இது நாற்காலி இல்ல மிஸ், ஊஞ்சல்.” மின்விசிறியின் காற்று பக்கத்துக் கட்டடத்துக்குப் போகிறதாம். கழிவறைத் தாழ்ப்பாள் விழாததால் உள்ளே உட்கார்ந்து பாட வேண்டியிருக்கிறதாம். “எனக்குத் தெரிஞ்சதே ரெண்டு பாட்டு மிஸ்.”

எனக்குப் புலம்பல் பிடிக்காது. கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர், முகம் சுளிக்க வேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சுளி, சுவருக்கு வேறு வேலை இல்லை என்பார். முப்பத்தெட்டு வருடமாக நான் சுவரைப் பார்த்தே சுளித்து வருகிறேன்.

கைப்பையைத் துடைத்து அடுக்கினேன். ராஜினாமா கடிதம் பத்திரமாக இருக்கிறது. ஓய்வு வயது வந்தபோது, இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்று நிர்வாகம் கேட்ட அன்றே எழுதியது. தேதி மட்டும் போடவில்லை. யாராவது மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னால் தேதி போட்டு மேசையில் வைத்துவிட்டு நடக்கலாம். பதினோரு வருடம் ஆகிறது. நடுவில் ஒரு முறை தேநீர் சிந்தி மறுபடி எழுதினேன். அப்போதும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

என்னோடு வீட்டில் இருக்கும் நாத்தனார் இன்று ஒன்பதே காலுக்கு எழுந்தாள். ஓய்வு பெற்ற பிறகு அவள் செய்யும் ஒரே கடுமையான வேலை அதுதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கூட்டம். இரண்டு வருடத்தில் ஒன்பது ஆசிரியர்கள் போய்விட்டார்களாம். ஏன் போகிறார்கள் என்று நிர்வாகம் தெரிந்துகொள்ள விரும்புகிறதாம். அதற்காக ஒரு படிவம், நாற்பது வினாக்கள். திருப்தி இல்லை என்றால் ஒன்று, முழுத் திருப்தி என்றால் ஐந்து. சில வினாக்களுக்கு எழுத்தில் பதில். பெயர் போட வேண்டாம்.

பிரின்சிபால் சொன்னார்: “பயப்படாம எழுதுங்க. இது வெறும் டேட்டாதான். பெரிய மேடம் எல்லாத்தையும் வாங்கி, எண்ணி, எனக்கு ஒரு பட்டியல் குடுப்பாங்க. அவங்கள விட ஒழுங்கா செய்ய ஆள் இல்ல.”

அது உண்மைதான். தலையசைத்தேன்.

வீட்டில் நாத்தனாரிடம் சொன்னேன். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடம் இருந்தவள். நேரே கேட்டாள்: “போறவங்க ஏன் போறாங்கன்னு இருக்குறவங்ககிட்ட கேக்குறாங்களா அண்ணி? போனவங்கள கூப்பிட்டு கேட்டா ஒரு போன்ல முடிஞ்சிடுமே.”

அவளுக்கு எல்லாமே ஒரு போனில் முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 13, புதன்

என் படிவத்தை நிரப்பினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. “உங்கள் வேலையில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?” என்பது ஒரு வினா. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று எந்த நியமன உத்தரவில் எழுதியிருக்கிறது? மூன்று போட்டேன். பிறகு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் நேற்று, இந்த ராஜாக்களுக்குச் சண்டையைத் தவிர வேறு வேலையே இல்லையா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டு நான்கு போட்டேன்.

வினா 38: “வேலையை விடும் எண்ணம் எப்போதாவது வருகிறதா?” ஐந்து கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, அரிதாக, சில நேரம், அடிக்கடி, மிக அடிக்கடி. பொருந்தவில்லை. அளவுகோல் வைத்து ஆறாவது கட்டம் ஒன்று வரைந்து, “தினமும், ஆனால் போவதாக இல்லை” என்று எழுதி டிக் செய்தேன்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “எங்க அண்ணன் இருந்தப்பவும் நீங்க இப்பிடித்தான அண்ணி? தினமும் பெட்டியக் கட்டுவீங்க.”

கட்டினேன்தான். ஒரு நாளும் தூக்கவில்லை. அவருக்கும் அது தெரியும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இருபத்திரண்டு படிவங்களும் வந்துவிட்டன. வெட்கக்கேடு! படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், பாதி வினாக்களை விட்டுவிட்டிருக்கிறார்கள். பி.டி. மாஸ்டர் எல்லாவற்றுக்கும் மூன்று போட்டு மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்திருக்கிறார், ஓட்டப்பந்தய மைதானத்துக்கு இழுப்பதுபோல.

விட்ட இடங்களைச் சிவப்பு மையில் குறித்தேன். “வினா 17 விடுபட்டுள்ளது. நிரப்பி மீண்டும் சமர்ப்பிக்கவும்.” “வினா 22, அடித்தல் தெளிவாக இல்லை.” கணக்கு மிஸ் எல்லாவற்றுக்கும் பதில் எழுதி, ஓரங்களிலும் எழுதி, ஒன்றை மட்டும் விட்டிருக்கிறாள். “வேலையை விடத் தூண்டும் முதன்மையான காரணம் எது?” அதற்குக் கீழே நான்: “வினா 31 காலியாக உள்ளது.”

நாளைக் காலை முதல் மணிக்கு முன் அவரவர் மேசையில் வைத்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வைத்தேன். இருபத்தொன்றும் சரியாக உரியவர் மேசையில். (என்னுடையதில் குறையில்லை.)

எல்லோரும் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். முதலில் பேசியவர் பி.டி. மாஸ்டர்.

“மிஸ்... இதுல நான் பேரே போடலையே. இது எப்பிடி என் டேபிளுக்கு வந்துச்சு?”

“உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா சார்? பன்னண்டு வருஷமா உங்க லீவ் லெட்டர் வாசிக்கிறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

கணக்கு மிஸ் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். மற்ற யாரும் சிரிக்கவில்லை. கெமிஸ்ட்ரி சார் தன் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பதினொரு மணிக்குப் பிரின்சிபால் கூப்பிட்டார். “மேடம், பேர் போட வேண்டாம்னு எதுக்குச் சொன்னோம்னா...” என்று தொடங்கி நெற்றியைத் தடவிக்கொண்டு நிறுத்திவிட்டார். புதிய படிவங்கள் தரப்போகிறாராம்.

கைப்பையில் கடிதம் இருந்தது. தேதி போடலாமா என்று நினைத்தேன். ஆனால் மரியாதைக் குறைவாக அவர் ஒன்றும் சொல்லவில்லையே. தவறு என்னுடையதாக இருக்கும்போது கோபித்துக்கொண்டு போவது அழகல்ல.

நாத்தனார் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான்தான் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. “அண்ணி, ரகசிய ஓட்டுக்கு ரசீது குடுத்த முதல் ஆள் நீங்கதான்.”

ஆகஸ்ட் 20, புதன்

இன்று என்னிடம் யாரும் பேசவில்லை. வேலை நன்றாக நடந்தது. நன்றாக என்றால், சீக்கிரம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

புதிய படிவங்கள் வந்தன. ஒன்றிலும் காலி இடம் இல்லை. எல்லோருக்கும் எல்லாம் திருப்தி! நாற்காலி திருப்தி, தாழ்ப்பாள் திருப்தி, நிர்வாகம் மகா திருப்தி. ஒரே வாரத்தில் இந்தப் பள்ளி சொர்க்கமாகிவிட்டது. கெமிஸ்ட்ரி சார் நாற்பது வினாவில் எண் கேட்ட எல்லாவற்றுக்கும் ஐந்து.

ஒருத்தி மட்டும் புதிய படிவத்தைத் தொடவில்லை. பழையதையே, என் சிவப்பு மையோடு, கூடுதலாக இரண்டு தாள் ஸ்டேப்பிள் செய்து கொடுத்திருக்கிறாள். இரண்டாவது தாளில் தாழ்ப்பாளின் படமே வரைந்து அளவு குறித்திருக்கிறாள். வினா 31-க்கு எதிரே: “வேண்டுமென்றே விட்டது.”

இதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது? பட்டியலில் கேள்விக்குறி போட்டேன். என் வாழ்நாளில் ஒரு பட்டியலில் கேள்விக்குறி போட்டது இதுவே முதல் தடவை.

செப்டம்பர் 8, திங்கள்

கெமிஸ்ட்ரி சார் ராஜினாமா!

நாற்பதுக்கு நாற்பது திருப்தி அடைந்த மனிதர். மதியம் கேக் வெட்டினார். கை குலுக்கிவிட்டுக் கேட்டேன்: “சார், எல்லாத்துக்கும் அஞ்சு போட்டீங்களே?”

“போறவன் எதுக்கு மிஸ் சண்ட போடணும்?” என்றார், கேக்கை மென்றுகொண்டே. “இங்கயே இருக்கப் போறவன்தான் நாற்காலிய மாத்துங்க, ஜன்னல மாத்துங்கன்னு கேப்பான்.”

வீட்டுக்கு வந்தும் அது மனதை விடவில்லை. இரண்டு வருடத்தில் போன ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். நூலகப் பெண்மணி ஈரம் கசியும் சுவரைப் பற்றி நான்கு வருடம் சண்டை போட்டார். கடைசி இரண்டு மாதம் சுவரைப் பற்றிப் பேசவே இல்லை. ஓவிய ஆசிரியர் வண்ணம் வாங்கித் தரவில்லை என்று கத்திக்கொண்டே இருப்பார். போவதற்கு முன் என்ன சொன்னார்? “பென்சிலே போதும் மிஸ்.” நான் அதைப் பக்குவம் என்று நினைத்துப் பாராட்டினேன்!

பிரின்சிபாலுக்குக் கொடுத்த பட்டியலைத் தலைகீழாகப் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

கெமிஸ்ட்ரிக்குப் புது ஆள் வரும்வரை அவருடைய 10-பி ஆறாவது பீரியடில் அநாதை. கணக்கு மிஸ்ஸுக்குப் போட்டேன். தினமும். 10-பி அவளுக்குத்தான் அடங்கும்.

செப்டம்பர் 15, திங்கள்

சீட்டு போயிற்று. வாங்கினாள், கையெழுத்துப் போட்டாள், “சரிங்க மிஸ்” என்றாள்.

அவ்வளவுதான்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அவள்தான்.

செப்டம்பர் 17, புதன்

நாற்காலி ஆடியது. ஒரு தாளை மடித்துக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்துவிட்டாள். மின்விசிறி நின்றுபோனது, எல்லோரும் அவளைப் பார்த்தோம், ஒரு வசனம் வரும் என்று. “பரவால்ல” என்றாள். பி.டி. மாஸ்டர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

மாலையில் அவளுடைய இழுப்பறை திறந்திருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. பெரிய காம்பஸ் இல்லை. இரும்பு அளவுகோல் இல்லை. பச்சைப் பிளாஸ்க் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

போகப் போகிறாள்.

போகட்டும் என்று சொல்ல முடியவில்லை. போன வருடம் அவள் வகுப்பு வாசலில் ஒரு நிமிடம் நின்றேன். கரும்பலகையில் தப்பான விடையை எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “இது தப்புன்னு எனக்குத் தெரியும். எந்த வரியில தடம் மாறுச்சுன்னு கண்டுபிடிக்கிறவங்க என் நாற்காலில உக்காரலாம்.” நாற்பது தலைகளும் பலகையை நோக்கிச் சாய்ந்தன. ஒரு நிமிடம் என்று எழுதியது தப்பு, பதினைந்து நிமிடம் நின்றேன். என் வகுப்புக்கு நானே தாமதம். அதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த அறையில் என் முகத்துக்கு நேரே பேசுகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் நான் வந்தால் பேச்சை மாற்றுவார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

ஒரு வழி தோன்றியது. புலம்புகிறவர் போவதில்லை என்றால், அவளைப் புலம்ப வைக்க வேண்டும். அவ்வளவுதானே?

காலை ஏழரைக்கே போய், அவளுடைய ஆடும் நாற்காலியை எடுத்துவிட்டு அதைவிட மோசமான ஒன்றைப் போட்டேன். முதுகுப் பலகை கிடையாது. டஸ்டரை அலமாரிக்கு மேலே வைத்தேன். வாசலில் நிற்கும் காலைப் பொறுப்பில் அவள் பெயரை எழுதினேன்.

முதுகில்லாத நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

“இருக்கட்டும் மிஸ்.”

பத்து மணிக்கு பி.டி. மாஸ்டர் என் அருகில் குனிந்து, “மிஸ், காலைல நீங்க நாற்காலி தூக்கிட்டுப் போனத கிரவுண்ட்லேருந்து பாத்தேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார். அவரே நாற்காலியை மாற்றிவிட்டார். அலமாரி மேலிருந்து டஸ்டரை எடுக்க எனக்குத்தான் ஸ்டூல் போட வேண்டியிருந்தது.

நாத்தனாரிடம் சொன்னதுதான் தப்பு. “போறவள நிறுத்துறதுக்கு நாற்காலிய ஒளிச்சு வெச்சீங்களா? ஏன் அண்ணி, வாயத் தொறந்து ‘போகாதம்மா’ன்னு சொன்னா முத்து உதிந்துடுமா?”

உதிராது. ஆனால் பழக்கமில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று ஆயம்மா சீட்டை வாங்கிக்கொண்டு நகரவில்லை.

“என்ன?”

“ஒண்ணுமில்லம்மா. இந்தச் சீட்ட அந்தப் பொண்ணுகிட்ட நீட்டவே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. வேற யாருக்காவது எழுதக் கூடாதா? மாசக்கணக்கா அவங்க மேசைக்கும் ஒங்க மேசைக்கும்தான் நடக்குறேன். தரையில தடமே விழுந்துரும்.”

நான் நியாயமாகத்தான் போடுகிறேன் என்று காட்ட மாற்று வகுப்புப் பதிவேட்டை எடுத்தேன். ஜூனிலிருந்து எண்ணினேன். பி.டி. மாஸ்டர் ஒன்பது. தமிழாசிரியர் பதினொன்று. கெமிஸ்ட்ரி சார் இருந்தவரை மூன்று. அவர் போன வகுப்பு சந்தையாகிவிடும், அதனால் போடுவதில்லை. கணக்கு மிஸ் நாற்பத்தாறு.

நாற்பத்தாறா?

மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழு. ஒன்றை விட்டிருந்தேன்.

ஏன்? எனக்கே தெரியும் ஏன். அவள் போனால் சத்தம் வராது. அவள் போனால் நான் எழுந்து பார்க்க வேண்டியதில்லை. நன்றாகச் செய்கிறாள், அதனால் அவளுக்கே. மோசமாகச் செய்கிறவருக்கு ஓய்வு, நன்றாகச் செய்கிறவளுக்கு 10-பி. இதைப் பதினாறு வருடமாக நான் ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேனா?

நூலகப் பெண்மணிக்கு எத்தனை? ஓவிய ஆசிரியருக்கு? பழைய பதிவேடுகளை இறக்கவில்லை. தைரியம் வரவில்லை.

கடைசியாக என் பெயரைத் தேடினேன். எனக்கும் தினமும் ஒரு ஃப்ரீ பீரியட் உண்டு. என் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. ஒரு பூஜ்யம்கூட இல்லை, ஏனென்றால் என் பெயரையே அந்தப் பதிவேட்டில் நான் எழுதியதில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

மதிய இடைவேளையில் அவள் மேசைக்குப் போனேன். பதினாறு வருடத்தில் சீட்டுதான் போகும், நான் போனதில்லை. அறையே திரும்பிப் பார்த்தது.

“வினா முப்பத்தொண்ணு,” என்றேன். “ஏன் விட்டீங்க?”

“பட்டியல இன்னும் முடிக்கலையா மிஸ்?”

“பட்டியல் கெடக்கட்டும். சொல்லும்மா.”

பேனாவை மூடினாள். “எழுதினா உங்க கையிலதான வரும்? வருத்தப்படுவீங்கன்னு விட்டேன். இங்க ஒரு வேலைய நல்லா செஞ்சா, பரிசா இன்னொரு வேல கெடைக்கிது மிஸ். அந்த ஆறாவது பீரியட்லதான் நான் நோட்டு திருத்துவேன். இப்போ நோட்டெல்லாம் வீட்டுக்கு வருது. என் பொண்ணு நோட்டுக்கு நடுவுல உக்காந்து சாப்பிடுறா. அவ வரைஞ்ச படத்துல எனக்கு முகமே இல்ல, ஒரு நோட்டு அடுக்குதான் இருக்கு.”

“இவ்வளவு நாள் சத்தம் போட்டீங்களே. இப்ப ஏன் நிறுத்திட்டீங்க?”

“சத்தம் போட்டப்ப, நீங்க மாத்துவீங்கன்னு நெனச்சேன்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள்தான் எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆடும் நாற்காலி. உண்மையிலேயே ஊஞ்சல்தான்.

வீட்டிலிருந்தபடியே கணினியில் பாடம் எடுக்கும் வேலை ஒன்று வந்திருக்கிறதாம். அக்டோபர் பத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதினேன். மூன்றையும் நானே சிவப்பு மையில் திருத்தினேன். மூன்றாவதில் மிஞ்சியது “அன்புள்ள” மட்டும்.

நாத்தனார் சொன்னாள்: “உங்களுக்கு எழுத வர்றது சீட்டு ஒண்ணுதான் அண்ணி. அதையே எழுதுங்க.”

செப்டம்பர் 29, திங்கள்

எழுதினேன். “10-பி, ஆறாவது பீரியட்.” பெயர் என்ற இடத்தில் என் பெயர்.

ஆயம்மா படித்துவிட்டு, “இத யாருக்கும்மா குடுக்க?” என்றார்.

“எனக்கு.”

ஒரு நொடி யோசித்தார். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, முறைப்படி என் முன்னால் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். தமிழாசிரியரின் கையில் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

10-பி பற்றி: முப்பத்தெட்டு வருட அனுபவம் ஏழு நிமிடத்தில் கரைந்தது. யாரோ பூனைபோலக் கத்தினார்கள். பூனையைத் தேடியதுதான் என் பிழை. மணி அடித்தபோது இரண்டு பெஞ்சுகள் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன, என் சாக்பீஸ் பெட்டி ஜன்னல் கம்பியில் தொங்கியது. திரும்பி வந்தபோது கணக்கு மிஸ் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். என் முடியில் சாக்பீஸ் தூள்.

“பூனையா மிஸ்?”

“பூனைதான்.”

“தேடக் கூடாது மிஸ். பால் வைக்கட்டுமான்னு கேக்கணும்.”

அக்டோபர் 1, புதன்

பதிவேட்டை எடுத்துக்கொண்டு பிரின்சிபாலிடம் போனேன். “உங்க நாப்பது கேள்வில இது இல்ல,” என்று எண்ணிக்கையைக் காட்டினேன். கூடவே புதிய ஏற்பாடு ஒன்று, ஒரே தாளில்: மாற்று வகுப்பு வரிசையாகச் சுற்றிவரும், ஒருவருக்கு வாரத்தில் இரண்டுக்கு மேல் கிடையாது, தாள் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். முதல் பெயர் என்னுடையது. கடைசிப் பெயர் அவருடையது, வியாழன், ஆறாவது பீரியட்.

“மேடம், நான் பிரின்சிபால்.”

“அதனாலதான் கடைசில போட்டேன்.”

“இதெல்லாம் கமிட்டில பேசி, அடுத்த வருஷம்...”

பத்தாம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது, இவர் அடுத்த வருடம் என்கிறார். கைப்பையைத் திறந்தேன். கடிதத்தை மேசையில் வைத்தேன். மேசை விளிம்புக்கு நேராக்கினேன்.

முழுவதும் படித்தார். “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க மேடம்,” என்றார். பிறகு இரண்டையும், என் ஏற்பாட்டையும் என் கடிதத்தையும், ஒன்றாக இழுப்பறையில் போட்டு மூடினார். “பாக்குறேன்.”

எதைப் பார்க்கிறார்?

அக்டோபர் 3, வெள்ளி

ஏற்பாடு சுவரில் ஏறிவிட்டது. பிரின்சிபால் பெயரோடு. கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கைப்பை லேசாக இருக்கிறது. ஒரு தாளின் எடை எவ்வளவு இருக்கும்? ஆனாலும் தெரிகிறது. பதினோரு வருடமாக எந்த நிமிடமும் விட்டுப் போகலாம் என்பதால்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனேன். இப்போது யாராவது என்னைப் போகச் சொல்லலாம். அது வேறு மாதிரி இருக்கிறது. பிடிக்கவில்லை.

நாத்தனாரும் கவலையாக இருக்கிறாள், வேறு காரணத்துக்கு. “நெஜமாவே அனுப்பிட்டாங்கன்னா பகல் முழுக்க வீட்டுலயா இருப்பீங்க? நான் ஒம்போது மணிக்கு எந்திரிக்கிறது என்ன ஆகும்?”

அக்டோபர் 9, வியாழன்

பிரின்சிபால் 10-பிக்குப் போனார். உள்ளே போகும்போது கோட் போட்டிருந்தார். வெளியே வரும்போது கோட் கையில். நேராக அலுவலகத்துக்குப் போய், கெமிஸ்ட்ரிக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் ஏன் இன்னும் போகவில்லை என்று சத்தம் போட்டாராம். ஒரு மாதமாகப் போகாதது இன்று மதியம் போய்விட்டது.

நாளை பத்தாம் தேதி. கணக்கு மிஸ்ஸிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

போகாதம்மா என்று சொல்லிவிட்டேன்.

படிக்கட்டில், அவள் இறங்கும்போது, நான் ஏறும்போது. நின்றுகூடச் சொல்லவில்லை. அவள் “என்ன மிஸ்?” என்றாள். “ஒண்ணுமில்ல, கைப்பிடியப் புடிச்சு எறங்குங்க” என்றேன்.

காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பிரின்சிபால் அறையிலிருந்து ஓர் உறை. ஆயம்மா நீட்டியதும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே என் கடிதம். மேலே, தேதி இருக்க வேண்டிய இடத்தில், சிவப்பு மையில்: “தேதி விடுபட்டுள்ளது. நிரப்பி மீண்டும் சமர்ப்பிக்கவும்.”

ஆசிரியர் அறையில் இத்தனை வருடத்தில் நான் சத்தம்போட்டுச் சிரித்ததில்லையாம். பி.டி. மாஸ்டர் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று இரண்டு பேர் விடுப்பு. சீட்டு வெட்டத் தாள் தீர்ந்துவிட்டது. பையில் தேடினேன். அந்தக் கடிதம்தான் இருந்தது. மறுபக்கம் நல்ல வெள்ளை. மடித்து, அளவுகோல் வைத்து, எட்டுச் சீட்டாகக் கிழித்தேன். நல்ல தாள், நேராகக் கிழிந்தது.

வரிசைப்படி ஒன்று கணக்கு மிஸ்ஸுக்கு. சீட்டை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள், “தங்கள் உண்மையுள்ள” என்று இருந்திருக்கும். என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பிறகு ஆரம்பித்தாள்.

“பெரிய மிஸ்! வெள்ளிக்கிழம ஆறாவது பீரியட், அதுவும் 10-பி. மனுஷங்கள அனுப்புற எடமா அது? இந்த நாற்காலிய எப்போ மாத்துவீங்க? ஃபேன் சத்தம் மட்டும் போடுது, காத்து இல்ல. தாழ்ப்பாளுக்குப் படமே வரைஞ்சு குடுத்தாச்சு, இன்னும் பாடிக்கிட்டேதான் இருக்கேன்!”

பச்சைப் பிளாஸ்க்கைத் திறந்து தேநீரை ஊற்றிக்கொண்டு, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடர்ந்தாள். “இப்பவே சொல்லிட்டேன். அடுத்த வருஷ டைம்டேபிள்லயும் என்னய 10-பில போட்டீங்கன்னா, நான் சும்மா இருக்க மாட்டேன்.”

“எழுதிக்கிறேன்,” என்றேன்.

எழுதிக்கொண்டேன். நாற்காலி, மின்விசிறி, தாழ்ப்பாள், அடுத்த வருடம்.